பனிக்காலத்திற்கு முன் புழக்கடைத் தோட்டம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேட்டுப்பாளையம் பிரதேசத்துப் புழக்கடைத் தோட்டங்கள் பார்வைக்கு மிகவும் செழிப்பாகவே விளங்கும். அவரைக் கொடி பந்தலை மூடி நிற்கும். கீரைப் பாத்திகள் பசுமையாயிருக்கும். கிணற்றிலும் நீர் மேலேறி வரும். இச்செழிப்பைக் கண்டு, தோட்டத்தில் இனி வேலையில்லை என்று இருந்துவிடுகிறவர்கள் பலர். ஆயின் தை மாதம் பாதி கழியுமுன் அத்தகைய தோட்டங்கள் வெளிறி வாடத் தொடங்குகின்றன. மாசி மாதத்தில் ஒரு பிடி கீரைக்கும் கடையை நாட வேண்டி வருகிறது. இதற்குக் காரணம் பனியன்று. மழை நாட்களில் செய்திருக்க வேண்டிய சில வேலைகளைச் செய்யாமல் விட்டதேயாகும்.

பருவத்தின் இயல்பு

குளிர் தேசங்களுக்கென எழுதப்பெற்ற தோட்டக்கலை நூல்கள், இலையுதிர்காலம் வந்ததும் செடிகளை வெட்டி, மண்ணை மூடி, வசந்தம் வரையில் தோட்டத்தை ஓய்வில் விடும்படி கூறும். மண்ணே உறைந்துவிடும் நாடுகளுக்கு அது தக்க யோசனையே. 7,000 அடிக்கு மேற்பட்ட உதகமண்டலத்திலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுந்து பயிர்களைக் கருக்குவதுண்டு. அம்மலையின் அடிவாரத்தில், சுமார் 1,000 அடி உயரத்தில் அமைந்த மேட்டுப்பாளையத்திலோ உறைபனி இல்லை. இரவு வெப்பம் 20 பாகைக்குச் சற்றுக் கீழே இறங்குவதோடு சரி. இங்கே பனிக்காலத்தின் பகை குளிரன்று, வறட்சியே.

தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைப் பெரும்பாலும் மலைகளே வாங்கிக்கொள்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் பவானியாறு பெருக்கெடுத்தோடினும், அதன் கரைக்குச் சற்று அப்பாலுள்ள மேட்டு நிலம் காய்ந்தே கிடக்கும். கோயமுத்தூர்ச் சமவெளிக்குக் கிடைக்கும் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, வடகிழக்குப் பருவக்காற்றினால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. அதன்பின் சித்திரையில் கோடை மழை வரும் வரையில் வானத்தை நம்புவதற்கில்லை. ஆகையால் கூதிர்காலமாகிய ஐப்பசி, கார்த்திகையில் மண்ணுக்குள் எவ்வளவு ஈரம் சேர்த்து வைக்கப்படுகிறதோ, அவ்வளவே முன்பனி, பின்பனிக் காலங்களில் செடிகளுக்குக் கைகொடுக்கும்.

நீர் தேங்காமல் வடிதல்

முதற்கண் கவனிக்க வேண்டியது, மழைநீர் செடியின் வேரடியில் தேங்காமல் இருப்பதாகும். மண்ணில் ஈரம் வேறு, தேங்கிய நீர் வேறு. நீர் தேங்கினால் மண்ணிடுக்கிலுள்ள காற்று வெளியேறி, வேர் மூச்சின்றி அழுகும். பப்பாளி இவ்விஷயத்தில் மிகவும் மென்மையானது. அடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலும் தண்டின் அடிப்பாகம் அழுகி மரம் சாயக்கூடும். தக்காளி, மிளகாய் நாற்றங்கால்களில் நாற்று அடி கருத்து மடிவதும் இதனாலேயே. எனவே பாத்திகளை மூன்றடி அகலமும் அரையடி உயரமுமாக மேடாக அமைத்து, இடையே சிறு வாய்க்கால்கள் விடுதல் நலம். வாய்க்கால் நீரைத் தெருவில் விட்டுவிடாமல், தென்னை அல்லது வாழையின் பக்கம் திருப்பி அங்கே ஒரு குழியில் இறங்கச் செய்தால், பெய்த மழை வீணாகாமல் நிலத்தடியிற் சேரும்.

வீட்டுச் சுவர், மதிற்சுவர் ஆகியவற்றின் அடியில் மட்டும் நீர் இறங்கவிடலாகாது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில், பெருமழையின்போது மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் உயரமான சுற்றுச்சுவர் ஒன்று இடிந்து வீடுகளின்மேல் விழுந்ததில் 17 பேர் மாண்டனர். நனைந்த மண்ணின் பாரம் எத்தகையது என்பதை இப்பிரதேசத்தார் மறக்க முடியாது. ஆதலால் மதிலையொட்டி மண்ணையோ குப்பையையோ குவித்து வைத்தலும், அதன் அஸ்திவாரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டுதலும் கூடா. சுவரிலிருந்து நீர் விலகி ஓடும்படி நிலத்தைச் சரிவாக அமைத்து, பாத்திகளைச் சில அடி தள்ளியே போட வேண்டும். சுவரில் வெடிப்போ சாய்வோ காணப்பட்டால், செடியைப் பார்க்குமுன் சுவரைப் பார்க்க வேண்டும்.

தேங்கிய நீரால் விளையும் மற்றொரு தீங்கு கொசு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, கொட்டாங்குச்சி, உடைந்த பானை, பூந்தொட்டியின் அடித்தட்டு ஆகியவற்றிலுள்ள சிறிதளவு நீரிலேயே முட்டையிட்டுப் பெருகும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரத்திற்குச் சற்று மேற்பட்ட காலமே போதும். ஆகவே வாரம் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி வந்து இவற்றைக் கவிழ்த்துவிடுதல் அவசியம்.

கொத்துதலும் மூடாக்கும்

பலத்த மழை அடித்த மண்ணின் மேற்பரப்பு, வெயில் பட்டதும் ஓடுபோல் இறுகும். இறுகிய மண்ணில் அடியிலுள்ள ஈரம் நுண்ணிய துளைகளின் வழியே இடைவிடாமல் மேலேறி ஆவியாகிப் போகிறது. களைக்கொத்தினால் மேல்மண்ணை இரண்டு அங்குல ஆழம் கிளறிவிட்டால் அத்தொடர்பு அறுபட்டு, ஈரம் அடியிலேயே தங்கும். களையும் உடன் ஒழியும். ஆயினும் மண் சேறாயிருக்கும்போது மிதிப்பதும் கொத்துவதும் தவறு. கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாகவும், விரலால் தட்டினால் உதிர்வதாகவும் உள்ள பதமே கொத்துவதற்கு ஏற்றது.

கொத்திய மண்ணை உலர்ந்த சருகு, வைக்கோல், வாழைச்சருகு, கரும்புச் சோகை ஆகியவற்றால் மூன்று அங்குலக் கனத்திற்கு மூடுவதே மூடாக்கு எனப்படும். இதனைப் பெருமழை நாட்களிலேயே போட்டுவிடலாகாது. மண் அளவுக்கு மீறி நனைந்திருப்பதோடு, நத்தைகளும் அதனுள் அடையும். கார்த்திகைக் கடைசியில், மழை ஓயும் தறுவாயில் போடுவதே உத்தமம். தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை இடம் விடுதல் வேண்டும். இல்லாவிடில் தண்டு அழுகும். தண்ணீர்த் தட்டுப்பாடு மிகுந்த இடங்களில், சுட்ட மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைத்தால், அதனின்று கசியும் ஈரத்தைச் சுற்றிலுமுள்ள சுரை, பூசணி வேர்கள் உறிஞ்சிக்கொள்ளும். சீன தேசத்தில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இம்முறை கையாளப்பட்டது.

குப்பையை எருவாக்குதல்

இக்காலத்தில் புழக்கடையில் சேரும் களை, சருகு, பழைய கொடிகள் ஆகியவற்றைக் கொளுத்திவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கொளுத்தினால் மிஞ்சுவது சாம்பல் மாத்திரமே. மக்கவிட்டால் அது மண்ணின் ஈரம் பிடிக்கும் சக்தியை வளர்க்கும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட், இந்தியக் குடியானவர்களின் அநுபவத்தையும் தம் ஆராய்ச்சியையும் இணைத்து வகுத்த இந்தூர் முறை, சிறு தோட்டங்களுக்கும் ஏற்றதே. செடிக் குப்பை அரையடிக் கனம் பரப்பி, அதன்மேல் சாணக் கரைசலைத் தெளித்து, சிறிது சாம்பலும் மண்ணும் தூவி, இவ்வாறே அடுக்கடுக்காக மூன்றடி உயரம் வரை கொண்டுபோக வேண்டும். மழைக்காலத்தில் குழியில் நீர் நிரம்பிவிடுமாதலால், மேட்டிலேயே குவியலாக அமைக்க வேண்டும். இரண்டு வாரங்கள் கழித்தும், பின்னர் ஐந்தாவது வாரத்திலும், இரண்டு மாதம் நிறைந்ததும் புரட்டிவிட்டால், ஏறக்குறைய மூன்று மாதத்தில் எரு தயாராகும். ஐப்பசி முதல் வாரத்தில் அமைத்த குவியல் தைப்பட்டத்து விதைப்புக்கு உதவும். புரட்டும்போது, தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் வெண்ணிறப் புழுக்கள் தென்படின், அவற்றைப் பொறுக்கி அழித்துவிட வேண்டும்.

விதைப்பதும் விடுப்பதும்

நீலகிரியின் உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் மேட்டுப்பாளையம் மண்டிகளிலேயே வந்திறங்குகின்றன. ஆகையால் சிறிய புழக்கடையில் இவற்றிற்கு இடம் கொடுப்பதைவிட, பறித்த சில மணி நேரத்தில் வாடிவிடும் கீரை, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி ஆகியவற்றைப் பயிரிடுதல் இலாபகரமானது. ஒரே நாளில் எல்லாப் பாத்திகளிலும் விதைத்துவிடாமல், பத்து நாளைக்கு ஒரு பாத்தியாக விதைத்தால் பனிக்காலம் முழுவதும் கீரை தொடர்ந்து கிடைக்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகளைப் பெருமழை தணிந்த பின் நடலாம். சின்ன வெங்காயத்தை மேட்டுப் பார்களில் ஊன்றலாம்.

பந்தலவரை, பகற்பொழுது குறுகும்போதுதான் பூக்கும் இயல்புடையது. ஆடியில் விதைத்த கொடி ஐப்பசியில் இலையாகவே படர்ந்து நிற்பதைக் கண்டு, காய்க்காத கொடியென்று அறுத்துவிடலாகாது. மார்கழி, தையில் அது பலன் தரும். வெண்டை, பாகல், புடல் விதைகளோ குளிர்ந்த மண்ணில் தாமதித்தே முளைக்குமாதலால், அவற்றைத் தைப்பட்டத்திற்கு நிறுத்தி வைப்பது நலம். அப்பட்டத்திற்கு வேண்டிய விதையை இப்போதே சேகரிக்க வேண்டும். நோயற்ற கொடியில் முதலில் காய்த்த நல்ல காய்கள் ஒன்றிரண்டை முற்றவிட்டு, விதையெடுத்து, நிழலிலும் இளவெயிலிலும் உலர்த்தி, சாம்பல் கலந்து பானையில் மூடி வைத்தால் பூச்சி அணுகாது.

பூச்சியும் நோயும்

கார்த்திகை மழையில் முருங்கை மரத்தின் அடித்தண்டில் கம்பளிப்புழுக்கள் பகலில் கூட்டமாக அடைந்திருக்கும். அந்நேரத்தில் அவற்றைத் துடைப்பத்தால் சோப்புக் கரைசலில் தள்ளிவிட்டால், இலைகள் அனைத்தும் தின்னப்படுவதைத் தடுக்கலாம். புழுவின் மயிர் உடம்பில் பட்டால் அரிக்குமாதலால் வெறுங்கையால் தொடலாகாது.

மார்கழி பிறந்ததும், இரவில் குளிர்ச்சியும் பகலில் வறட்சியுமாக இருக்கும் நாட்களில், வெண்டை, மிளகாய், பாகல் இலைகளில் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் தோன்றும். கண்டவுடன் அவ்விலைகளைக் கிள்ளியெறிய வேண்டும். வெண்டைக்கும் மிளகாய்க்கும் நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்துக் காலையில் தெளிக்கலாம்; பூசணி, பாகல் வகைகளின் இலை கந்தகத்தால் கருகக்கூடுமாதலால் அவற்றிற்குக் கூடாது. மாலையில் இலை நனைய நீர் ஊற்றும் பழக்கத்தையும் பனிக்காலத்தில் விட்டுவிட வேண்டும். இலை இரவெல்லாம் ஈரமாயிருப்பின் அடிச்சாம்பல் நோய், இலைப்புள்ளி நோய் முதலியன பெருகும். காலையில், வேரடியில் ஊற்றுவதே நன்று.

பப்பாளியின் அடியழுகலுக்குப் போர்டோ கலவை சிறந்தது. பிரான்சு தேசத்தில் திராட்சைத் தோட்டங்களுக்காக 1885-ஆம் ஆண்டில் மில்லார்தே என்பவர் வெளியிட்ட இம்மருந்து, இன்றும் பயன் தருகின்றது. மயில்துத்தம் 100 கிராமை 5 லிட்டர் நீரிலும், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராமை வேறு 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் உதவாது; மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே தக்கது. தீட்டிய கத்தியைக் கலவையில் தோய்த்தெடுக்கும்போது செம்பு நிறம் படிந்தால், இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றன்று தயாரித்ததை அன்றே வேரடியில் ஊற்றிவிட வேண்டும். மயில்துத்தம் நஞ்சாதலால், குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும், கீரைகளின்மேல் படாமல் காப்பதும் இன்றியமையாதன.

மேற்கூறியவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. ஐப்பசியில் வாய்க்காலும் எருக்குவியலும், கார்த்திகையில் கொத்தும் மூடாக்கும், மார்கழியில் காலை நீரும் நோய்க் கண்காணிப்பும் என்று முறையாகச் செய்துவரும் குடும்பத்தில், மாசி மாதத்துக் கிணறு வற்றத் தொடங்கும்போதும், அடுப்பிலேற்றக் கீரையும் காயும் புழக்கடையிலேயே கிடைக்கும்.