வழுக்கும் படியும் உரியும் டேப்பும்: மலையகத்து ஈரத்தில் காலுக்கு ஒரு பிடிமானம்

மலையகத் தோட்டங்களில் வாகனப் பாதை எங்கே முடிகிறதோ அங்கே படிகள் தொடங்குகின்றன. பாதையிலிருந்து லயத்துக்கு, லயத்திலிருந்து பீலிக்கரைக்கு, மலசலகூடத்துக்கு, பிள்ளைக் காம்பராவுக்கு, பிரட்டுக்களத்துக்கு என்று எங்கே போவதானாலும் ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும். சில இடங்களில் பழைய கருங்கல் படிகள். சில இடங்களில், வாக்குக் கேட்டு வந்த காலத்தில் யாரோ போட்டுக் கொடுத்த சீமெந்துப் படிகள். பார்வைக்குச் சீமெந்துப் படிதான் வசதி. மழைக்காலத்தில் அதுதான் ஆபத்து. மேசன் கரண்டியால் மினுக்கி இழைத்துவிட்ட பரப்பில் பாசி பிடித்தால், சவர்க்காரம் தடவிய கண்ணாடியில் கால் வைப்பது போலத்தான்.

இங்கே ஈரம் இலேசில் விடுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதக் கடைசியில் தொடங்கினால் மேற்குச் சரிவுகளில் செப்டெம்பர் வரை நிலம் காயாது. ஹட்டனுக்குப் பக்கத்திலுள்ள வட்டவளை இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கே ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் பெய்யும். கிளிநொச்சியில் ஒரு வருடம் பெய்வதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் அது.

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். 1977 வன்செயலுக்குப் பிறகு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கு ஓடிய எத்தனையோ தோட்டக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அந்த நாட்களில் இப்படி வந்தவர்களைக் காந்தியம் அமைப்பு வன்னியில் குடியேற்றியதை இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலர் அறிந்திருப்பீர்கள். அவர் அங்கேயே வளர்ந்தார், அங்கேயே கலியாணம் செய்தார், 2009இல் அங்கேயே இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். சில வருடங்களின் பின், தோட்டத்திலேயே தங்கிவிட்ட அக்காவின் லயத்துக்கு வந்து சேர்ந்தார். பாதையிலிருந்து அந்த லயத்துக்குப் 11 படிகள். செயற்கைக் காலோடும் ஒரு ஊன்றுகோலோடும் அவர் அதில் தினமும் இறங்கி ஏறுகிறார்.

அந்தப் படிகளில் ஒட்டச் சொல்லி, கறுப்பு நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும் டேப் ஒன்றைச் சொந்தக்காரப் பையன் ஹட்டன் டவுனில் வாங்கிக் கொடுத்திருக்கிறான். கிரிப் டேப் என்று கேட்டால் ஹாட்வெயார் கடைகளில் தருவார்கள். இரண்டு வாரத்தில் அது ஓரம் தூக்கிக்கொண்டது. மூன்றாவது வாரம் ஊன்றுகோலின் நுனி அந்தத் தூக்கலில் மாட்டியது. விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார். அரைகுறையாக உரிந்த டேப் வழுக்கும் படியைவிட மோசம். வழுக்கும் என்று தெரிந்தால் காலைப் பார்த்து வைப்போம். டேப் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பார்க்காமல் வைத்துவிடுவோம்.

அது ஏன் உரிந்தது, என்ன செய்தால் உரியாது என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

கிரிப் டேப் என்பது மூன்று அடுக்குகள் கொண்டது. மேலே கண்ணாடித் தூள் மாதிரிக் கூரான துகள்கள். பெரும்பாலும் சிலிக்கன் கார்பைட், மலிவானவற்றில் வேறு தூள். நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். கீழே அழுத்தினால் ஒட்டும் பசை. சிலிக்கன் கார்பைடை 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சன் என்பவர் செயற்கை வைரம் செய்யும் முயற்சியில் கண்டுபிடித்தார். வைரம் கிடைக்கவில்லை, உலகத்துக்கு சாண்ட் பேப்பர் தூள் கிடைத்தது. த்ரீ எம் நிறுவனம் 1921இல் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய சாண்ட் பேப்பரை விற்கத் தொடங்கியது. கப்பல் தளங்களிலும் தொழிற்சாலைப் படிகளிலும் ஒட்டும் டேப்பும் அதே குடும்பம்தான். பின்னர் ஸ்கேட்போர்டுப் பலகையில் நிற்பவர்களும் கால் வழுக்காமலிருக்க அதைப் பலகை முழுக்க ஒட்டத் தொடங்கினார்கள்.

துகள் செய்யும் வேலை எளிமையானது. ஈரப் பரப்பில் நம் செருப்புக்கும் தரைக்கும் இடையில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. நாம் வழுக்குவது அதன் மேல்தான். கூரான துகள் அந்தப் படலத்தைக் குத்திக்கொண்டு செருப்பின் றப்பரைத் தொடுகிறது. ஆகவே மேலே இருக்கும் துகளில் அநேகமாகக் குறை இருப்பதில்லை. குறை எப்போதும் கீழே, பசையில்.

இப்போது வெளிநாடுகளில் நம் பிள்ளைகளும் மின்சார ஸ்கேட்போர்டு ஓட்டுகிறார்கள். அவர்கள் சொல்லும் முறைப்பாடும் இதுதான், ஆனால் காரணம் நேர் எதிர். வெயிலிலும், பலகைக்கு அடியிலிருக்கும் பெட்டியின் சூட்டிலும் பசை இளகுகிறது. வேகம் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் கால் டேப்பை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. இளகிய பசை மெல்ல மெல்ல நகர்ந்து, டேப் சுருக்கம் விழுந்து பலகையை விட்டு விலகுகிறது. அதற்கு வைத்தியம், விலகிய டேப்பைத் திரும்ப அழுத்திவிடுவதல்ல. தூசி பட்ட பசை இரண்டாம் முறை ஒட்டாது. முடி உலர்த்தும் கருவியால் இலேசாகச் சூடாக்கி, பழையதை முழுதாக உரித்து, மிச்சப் பசையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, புதியதை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்ட வேண்டும். பலகையை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். பட்டரி இருக்கும் பக்கம் சூடு காட்டவும் கூடாது, ஸ்பிரிட்டை ஊற்றவும் கூடாது.

மலையகத்தில் பசையின் எதிரி குளிர். அழுத்தினால் ஒட்டும் பசை உண்மையில் மிகக் கெட்டியான ஒரு திரவம். அழுத்தும்போது அது பரப்பின் நுண்ணிய பள்ளங்களுக்குள் ஓடிப் படிய வேண்டும். 10 பாகை செல்சியசுக்குக் கீழே அது விறைத்துவிடும், ஓடாது. மேடுகளில் மாத்திரம் தொட்டுக்கொண்டு நிற்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகையளவுதான். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழும். விடியற்காலையில் பனியில் கிடந்த சீமெந்துப் படியில் ஒட்டினால், ஒட்டியது போலத் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாவது எதிரி அடியிலிருந்து வரும் ஈரம். நாம் மேலே பெய்யும் மழையைத்தான் பார்க்கிறோம். மலைச் சரிவில் பதித்த படிக்கு மண்ணிலிருந்தும் ஈரம் ஏறுகிறது. சீமெந்து அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டேப் ஒட்டியதும் அந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் போகிறது. கூடவே சீமெந்தின் உப்பும் வெள்ளையாகப் பூத்துப் பசையை அடியிலிருந்து தள்ளுகிறது. இதை எவ்வளவு நல்ல டேப்பாலும் வெல்ல முடியாது. அதனால் முதலில் படி உண்மையில் காய்ந்ததா என்று பார்க்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் தாள் ஒன்றின் நான்கு ஓரங்களையும் படியில் இறுக்கி ஒட்டிப் பின்னேரத்திலிருந்து மறுநாள் காலைவரை, ஏறத்தாழ 16 மணித்தியாலம் விடுங்கள். தாளின் அடியில் நீர் துளிர்த்திருந்தால் அந்தப் படியில் டேப் வேண்டாம். பணம்தான் வீண்.

மூன்றாவது, பாசியும் தூளும். டேப் பாசியில் ஒட்டிக்கொள்ளும், பாசி படியில் ஒட்டியிருக்காது. கம்பிப் பிரஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவி, பிறகு நல்ல தண்ணீரால் அலசி, குறைந்தது இரண்டு மூன்று வெயில் நாட்கள் காயவிட வேண்டும். ஹட்டன் பக்கத்தில் அதற்கு ஏற்ற காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. பிளீச்சிங் பவுடரை வேறெந்தச் சுத்திகரிப்பு மருந்தோடும் கலக்க வேண்டாம், அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும்.

காய்ந்த சீமெந்தில் விரலைத் தேய்த்தால் வெள்ளைத் தூள் வரும். அந்தத் தூளை அடக்கச் செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் மஞ்சள் பசையை மெல்லிதாக ஒரு பூச்சுப் பூசி முழுதாகக் காயவிடுங்கள். தொட்டால் விரலில் வரக்கூடாது. பசை ஈரமாக இருக்கும்போதே டேப்பை வைத்தால் அதிலுள்ள கரைப்பான் டேப்பின் சொந்தப் பசையையும் கரைத்துவிடும். டேப் சுருளை ஒரு மணித்தியாலம் அடுப்படியில் சூடு படும் தூரத்தில் வைத்திருந்து, வெயில் ஏறிய நடுப்பகலில் எடுத்து வந்து ஒட்டுங்கள். ஒட்டுமுன் நான்கு மூலைகளையும் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிவிடுங்கள். கூரான மூலைதான் முதலில் தூக்கும். அதிலிருந்துதான் மீதி உரியும். படியின் விளிம்பைச் சுற்றி மடித்து ஒட்டவும் வேண்டாம். விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். ஒரே அகலத் துண்டாக ஒட்டாமல் இடைவெளி விட்டு இரண்டு துண்டுகளாக ஒட்டினால் மழை நீர் நடுவே ஓடிவிடும். கையால் தடவினால் போதாது. கண்ணாடிப் போத்தலைப் படுக்கவைத்து, உடல் பாரத்தைக் கொடுத்து உருட்டுங்கள். அதன்பிறகு ஒரு நாள் முழுக்க யாரும் மிதிக்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் லயத்தில் கஷ்டம். ஒரே படியில் பத்துப் பன்னிரண்டு குடும்பம் நடக்கிறது, கொழுந்துக் கூடையோடு வருபவரைச் சுற்றிப் போகச் சொல்ல முடியாது. ஒரு நாளைக்குப் பாதிப் படிகளை மாத்திரம், அதுவும் ஒன்றைவிட்டு ஒன்றாக ஒட்டுவதே நடைமுறைக்குச் சரிவரும்.

வன்னியில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிரச்சினை ஸ்கேட்போர்டுக்காரரின் பிரச்சினை. கிளிநொச்சியில் ஏப்ரல் மாத மத்தியானத்தில் சீமெந்துத் திண்ணை கையை வைக்க முடியாத அளவு சுடும். அப்போது ஒட்டினால் பசை இளகி டேப் சறுக்கும். காலையில், நிழலில் ஒட்டுங்கள். சக்கர நாற்காலிச் சரிவுப்பாதையில் ஒட்டுவதானால் சக்கரம் போகும் திசைக்குக் குறுக்காக ஒட்டுங்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், மலையகத்தின் வெளிப்படிகளுக்கு டேப் இரண்டாம் பட்சம்தான். மரம், இரும்பு, தகரம், ஆட்டோவின் கால்மிதி, கூரைக்குக் கீழேயிருக்கும் இஸ்தோப்புப் படி ஆகியவற்றுக்கு அது நல்லது. திறந்த வெளியில், சரிவின் ஈரத்தில் இருக்கும் படிக்குப் பழைய வழியே மேல். சீமெந்துத் தரைக்கான பெயின்ட்டை ஒரு பூச்சுப் பூசி, அது காயுமுன் சலித்துக் கழுவிக் காயவைத்த ஆற்றுமணலைத் தூவி, காய்ந்ததும் ஒட்டாத மணலைக் கூட்டிவிட்டு மேலே இன்னொரு பூச்சு. புதிதாகப் படி போடுவதென்றால் அந்தச் செலவும் இல்லை. சீமெந்து இறுகுமுன் ஈர்க்குமாறால் குறுக்கே ஒருமுறை இழுத்துவிடும்படி மேசனிடம் சொன்னால் போதும். மினுக்கம் குறைந்தால் வேலை சரியில்லை என்று நினைக்கும் மேசன்மாரிடம் இதை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கும்.

செயற்கைக் காலின் அடியில் இந்த டேப்பை ஒட்டலாமா என்று அவரே என்னிடம் கேட்டார். கூடாது. ஜெய்ப்பூர் காலை 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் சேர்ந்து உருவாக்கியபோது, செருப்பில்லாமல் வயலிலும் சேற்றிலும் நடக்கக்கூடியதாகவே செய்தார்கள். அதன் பாதம் றப்பர். நடக்கும்போது பாதம் தரையில் சற்றுத் திரும்பும். அளவுக்கு மீறிய சொரசொரப்பு அந்தத் திருப்பத்தைத் தடுத்தால், முறுக்கு மேலே எஞ்சிய காலுக்குத்தான் போகும். பாதத்தின் றப்பர் தேய்ந்து மழமழப்பாகிவிட்டால் செயற்கைக் கால் நிலையத்தில் காட்டி மாற்றுவதே வழி. ஊன்றுகோலின் நுனியிலுள்ள றப்பர் தொப்பிக்கும் இதே கதைதான். அடியிலுள்ள வளையக் கோடுகள் மறைந்துவிட்டால் தொப்பியின் ஆயுள் முடிந்தது. கைப்பிடி வழுக்கினால் கிரிப் டேப்பைச் சுற்றாதீர்கள், உள்ளங்கை புண்ணாகிவிடும். பழைய சைக்கிள் டியூப் துண்டை மாட்டிவிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, யாருடைய படி இது என்ற கேள்வி மிஞ்சுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. பொது இடங்களுக்கான அணுகும் வசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சக்கர நாற்காலிச் சரிவுப்பாதைக்கு 12 அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அந்தக் கணக்கைப் 11 படிகளுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படி அரை அடி என்றாலும் 66 அடி நீளப் பாதை வேண்டும். லயத்துக்கும் பாதைக்கும் நடுவில் அவ்வளவு இடம் கிடையாது. இருந்தாலும், குடியிருக்கும் காம்பராவே தன் பெயரில் இல்லாதவர் தோட்டக் காரியாலயத்தில் கேட்காமல் ஒரு கல்லைப் புரட்ட முடியாது. கைப்பிடிக் குழாய் ஒன்று போடக் கேட்டு அவர் கொடுத்த கடிதத்துக்கு நான் போய்வந்த நாள்வரை பதில் வரவில்லை.

மணலும் பெயின்ட்டும் பூச யாரும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று அக்கா முடிவெடுத்துவிட்டார். பெப்ரவரியில் மழை விட்டதும் மேல் ஆறு படிகள், மார்ச்சில் மீதி ஐந்து. டேப்பில் மிஞ்சியது இஸ்தோப்புப் படிக்குப் போகிறது.