ஏககாலத் தண்டனையும் நீதிபதியின் தற்றுணிபும்

ஒருவன் பல குற்றங்களுக்காகத் தனித்தனியே சிறைத்தண்டனை பெறுவானாயின், அவற்றை எம்முறையில் அனுபவித்தல் வேண்டும்? ஒன்று முடிந்தபின் மற்றொன்று தொடங்குமாயின் அது தொடர்த்தண்டனை. எல்லாம் ஒருங்கே தொடங்கி ஒருங்கே கழியுமாயின் அது ஏககாலத் தண்டனை. 2, 3, 5 ஆண்டுகள் என மூன்று தண்டனை பெற்றவன் முதன்முறைப்படி 10 ஆண்டும், மற்றைய முறைப்படி 5 ஆண்டும் சிறையிலிருப்பான். இவ்விரண்டனுள் எது தக்கதெனத் துணியும் உரிமை பெரும்பாலும் நீதிபதியின் தற்றுணிபாகும்.

தற்றுணிபு என்பது மனம்போன போக்கன்று. இரவில் ஒரு வீட்டை உடைத்துப் புகுந்து, அங்கே திருடியவன் சட்டத்தின் கண்ணில் இரு குற்றங்கள் புரிந்தவனேனும், அவன் செயல் ஒன்றே. அத்தகைய ஒரே செயற்றொடரிற் பிறந்த குற்றங்களுக்குத் தண்டனைகளை ஏககாலத்தில் விதித்தலே பொதுவிற் பொருத்தம் என்பதையும், செயல்கள் வெவ்வேறாயின் அந்நெறி பொருந்தாதென்பதையும் இந்திய உச்ச நீதிமன்றம் 1988 இல் ஒரு சுங்க வழக்கில் விளக்கியது. பிந்திய கூற்றிலும் நியாயமுண்டு. எத்தனை முறை குற்றஞ் செய்யினும் தண்டனை ஒன்றே என்றால், முதற் குற்றத்துக்குப் பின் செய்வனவெல்லாம் விலையின்றிக் கிடைத்தனவாகிவிடும்.

ஆயின் நீதிபதி ஒன்றுமே கூறாதுவிடின் யாது நிகழும்? இந்தியாவின் 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 427 ஆம் பிரிவு, முன்னரே சிறையிலிருப்பவனுக்கு விதிக்கப்படும் புதிய தண்டனை, நீதிமன்றம் வேறுவிதமாகப் பணித்தாலன்றி, முந்தியது முடிந்த பின்னரே தொடங்கும் என்றது. ஒரே விசாரணையிற் பல குற்றங்கள் நிறுவப்படும்போது, இலங்கையின் 1979 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவும் இவ்வாறே கூறுகின்றது. மௌனம் தொடர்த்தண்டனையாகவே பொருள்கொள்ளப்படும்.

அம்மௌனத்தின் விலையை உத்தரப் பிரதேசத்து வழக்கொன்று காட்டிற்று. மின்கருவிகளைத் திருடியதான ஒன்பது வழக்குகளிற் குற்றத்தை ஏற்றுக்கொண்ட ஒருவனுக்கு, ஹாப்பூர் நீதிமன்றம் 2020 இல் வழக்குக்கு 2 ஆண்டாகத் தண்டனை விதித்தது. அவை ஏககாலத்தில் நடைபெறுக என்ற ஒரு வரி தீர்ப்பில் இல்லை. சிறை அதிகாரிகள் கூட்டிப் பார்த்தனர், 18 ஆண்டு! இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கொள்ளைக்கே உச்ச அளவு பொதுவில் 10 ஆண்டு. இரவில் நெடுஞ்சாலையிற் செய்யின் 14 ஆண்டு. திருடியவனோ கொள்ளையனிலும் நெடிது சிறையிலிருக்க வேண்டியவனானான். இக்கணக்கில் எவரும் சட்டத்தை மீறவில்லை என்பதே கவலைக்குரியது. அலகாபாத்து உயர் நீதிமன்றமும் அவன் முறையீட்டை ஏற்கவில்லை. 2022 டிசம்பர் 16 இல் தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி நரசிம்மாவும் அமர்ந்த உச்ச நீதிமன்றம் ஒன்பது தண்டனைகளும் ஏககாலத்திற் செல்லுமெனக் கட்டளையிட்டது. தனிமனிதன் சுதந்திரம் பற்றிய எவ்வழக்கும் நீதிமன்றத்துக்குச் சிறிதன்று என்பது அத்தீர்ப்பின் கருத்து. அதற்குள் அவன் ஏறக்குறைய மூன்றாண்டு சிறையிற் கழித்திருந்தான்.

ஆயுட்டண்டனையில் இத்தற்றுணிபுக்கு இடமில்லை. மனிதனுக்கு ஆயுள் ஒன்றேயாதலின், பல ஆயுட்டண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கவியலாதெனத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற முத்துராமலிங்கம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் 2016 இல் தீர்ப்பளித்தனர்.

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஒரே விசாரணையிற் பல குற்றங்கள் நிறுவப்படும்போது, குற்றத்தின் கடுமையை நோக்கி, தண்டனை ஏககாலத்ததா தொடர்வதா என நீதிமன்றமே கட்டளையிடல் வேண்டுமென 25 ஆம் பிரிவில் விதித்துள்ளது. இது வரவேற்கத்தக்க திருத்தமே. எனினும் வெவ்வேறு வழக்குகளிற் பெற்ற தண்டனைகளைப் பற்றிய 467 ஆம் பிரிவு பழைய 427 ஐப் பெரிதும் அவ்வாறே தொடர்கின்றது. ஒன்பது வழக்குகளில் அகப்பட்டவனை 18 ஆண்டுக்கு ஆளாக்கிய பிரிவும் அதுவே.