வீங்காமலே வீங்கின மாதிரி

டீயைக் குடிச்சுக்கிட்டே கேளுங்க அக்கா. கண்ணாடி பவர் பார்க்கப் போன பிள்ளைக்கு "நரம்பு வீங்கின மாதிரி இருக்கு"ன்னு எழுதிக் கொடுத்தா யாருக்கும் பதறத்தான் செய்யும். மூளைக்குள்ள அழுத்தம் ஏறினா பார்வை நரம்போட முனை நிஜமாவே வீங்கும், அது அவசரம். ஆனா வீங்காமலே மேடாத் தெரியற நரம்பும் உண்டு. அதுக்கு முக்கியமான காரணம் ட்ரூசன்.

விழித்திரையிலேர்ந்து 10 லட்சத்துக்கும் மேல நரம்பிழைங்க ஒரு சின்னத் துவாரம் வழியா கண்ணை விட்டு வெளியே போகுது. சிலருக்கு அந்தத் துவாரம் பிறவியிலேயே குறுகல். நெரிசல்ல இழைக்குள்ள ஓட்டம் தடைப்பட்டு, சிதைஞ்ச கழிவுமேல குழாய்ல உப்பு படியற மாதிரி கால்சியம் படிஞ்சு ட்ரூசன் ஆகுதுன்னு கருதறாங்க. 100 பேர்ல சுமாரா 2 பேருக்கு இருக்கும், பெரும்பாலும் ரெண்டு கண்ணுலயும். வயசானவங்களுக்கு விழித்திரை நடுவுல வர்ற ட்ரூசன் வேற, இது வேற.

சின்னப் பிள்ளைங்களுக்கு இது நரம்புக்குள்ள புதைஞ்சு கிடக்கும். லைட் அடிச்சுப் பார்த்தா மேடு மட்டும்தான் தெரியும். அங்கதான் குழப்பமே. பி-ஸ்கேன்ங்கற அல்ட்ராசவுண்டுல கால்சியம் பளிச்னு வெள்ளையாத் தெரியும். எதிரொலியைப் பெருக்கிக் காட்டற மெஷினோட கெயினைக் குறைக்கக் குறைக்க மத்ததெல்லாம் மங்கிடும், அது மட்டும் நிக்கும். கால்சியம் ஏறாத இளசு ட்ரூசனா இருந்தா பி-ஸ்கேனும் கோட்டை விடும். அப்போ ஒளியால ஆழமாப் பார்க்கற ஓ.சி.டி. ஸ்கேன்தான் கை கொடுக்கும். அதுல ட்ரூசன் நடுவுல கறுப்பா, ஓரத்துல வெளிச்சமாத் தெரியும். சந்தேகம் தீரலைன்னா கையில சாய ஊசி போட்டுப் படம் எடுப்பாங்க. நிஜ வீக்கத்துல சாயம் கசியும், வெறும் ட்ரூசன்ல கசியாது.

ஒண்ணு மட்டும் அழுத்தமாச் சொல்றேன். ட்ரூசன் இருக்குங்கறதுக்காக மூளை அழுத்தம் இல்லைன்னு ஆகாது. ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். படுத்தா கூடற தலைவலி, வாந்தி, ரெட்டையாத் தெரியறது, காதுக்குள்ள நாடி மாதிரி இரைச்சல், இதுல எது இருந்தாலும் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப் போடாதீங்க.

இதைக் கரைக்க மருந்து கிடையாது. கரைக்கும்னு யாராவது சொட்டு மருந்து கொடுத்தா வாங்காதீங்க. நேர்ப்பார்வை பெரும்பாலும் நல்லாவே இருக்கும். பக்கப் பார்வைதான் வருஷக்கணக்குல மெல்லத் தேயலாம், அதனால ஃபீல்டு டெஸ்ட்டை விடக் கூடாது. திடீர்னு ஒரு கண் மங்கினா அன்னைக்கே போகணும். இன்னைக்கு எடுத்த போட்டோவையும் ஓ.சி.டி. தாளையும் பத்திரமா வச்சுக்குங்க, அடுத்த தடவை ஒப்பிட அதுதான் உதவும். இது குடும்பத்துலயும் ஓடும். நீங்களும் பிள்ளையோட அப்பாவும் ஒரு தடவை கண்ணைக் காட்டிடுங்க.