அதிர்வு, வெப்பம், பால்பொடி

ராக்கெட் கிளம்பும் சில நிமிடங்கள் உள்ளே இருக்கும் விண்கலத்துக்குப் பெரும்பாடு. இன்ஜின்களின் உறுமல் ஒரு பக்கம், ஒவ்வொரு கட்டமும் கழன்று விழும்போது ஓர் உதறல் மறுபக்கம். இத்தனையையும் மெல்லிய மின்சுற்று அட்டைகள் தாங்கியாக வேண்டும். எந்தப் பொருளைத் தட்டினாலும் அது தனக்கே உரிய ஒரு வேகத்தில் அதிரும். இயல் அதிர்வெண் என்பார்கள். ராக்கெட்டின் குலுக்கல் அந்த வேகத்தோடு ஒத்துப்போனால் அட்டையின் ஆட்டம் பல மடங்கு கூடிவிடும். சிப்புகளின் கால்களைப் பிடித்திருக்கும் சால்டர் விரிசல் விடும். அதன் பிறகு கலம் ஊமைதான்.

சென்னை ஐ.ஐ.டி.யில் ப. வீரமுத்துவேல் முனைவர் பட்டத்துக்காக எடுத்துக்கொண்டது இந்தச் சிக்கலைத்தான். அவர் ஆராய்ந்த வழிகளில் ஒன்று கேட்பதற்கு விளையாட்டாக இருக்கும். அட்டையின் மேல் ஒரு சின்னக் கூடு, அதற்குள் பொடிப்பொடியான குண்டுகள், அவ்வளவுதான். அட்டை அதிரும்போது குண்டுகள் ஒன்றோடொன்று முட்டி, கூட்டின் சுவரிலும் மோதி உரசுகின்றன. அதிர்வின் ஆற்றல் அந்த உரசலில் வெப்பமாகக் கரைய, ஆட்டம் அடங்குகிறது. மின்சாரமும் வேண்டாம், தனிக் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டாம்.

விழுப்புரத்துக்காரரான இவர் மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கி, பி.இ., திருச்சி என்.ஐ.டி.யில் மேற்படிப்பு என்று படிப்படியாக ஏறியவர். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர். 2019இல் சந்திரயான்-2இன் லேண்டர் தரையில் மோதி நொறுங்கியது. அடுத்த லேண்டரின் கால்கள், வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் தாங்கும்படி வலுவாக்கப்பட்டன. முந்தையதன் வரம்பு 2 மீட்டர். கால் எவ்வளவு தாங்கும், எங்கே வளையும், எங்கே ஒடியும் என்பதெல்லாம் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டில் நடத்தும் பாடம்தான்.

மெக்கானிக்கல் என்றால் வண்டி ரிப்பேர் என்று நினைக்கும் சித்தப்பாக்கள் இன்றும் குறையவில்லை. முதலாண்டு ஒர்க்‌ஷாப்பை எட்டிப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரியென்றே தோன்றும். வைஸில் கட்டிய இரும்புத் தகட்டை மாணவர் மணிக்கணக்கில் அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். ஒரு துண்டில் ‘வி’ வடிவப் பள்ளம், இன்னொன்றில் அதற்குப் பொருந்தும் முனை. இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார் பயிற்றுநர். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் மறுபடி ராவ வேண்டும். உள்ளங்கையில் கொப்புளம் வந்த பிறகுதான், வரைபடத்தில் அலட்சியமாக எழுதிய ஒரு தசம எண்ணுக்குத் தொழிற்சாலையில் என்ன விலை என்பது உறைக்கிறது.

பிறகு எஸ்.ஓ.எம். (பொருள்களின் வலிமை), தெர்மோ (வெப்ப இயக்கவியல்), எஃப்.எம். (பாய்ம இயக்கவியல்) என்று மாணவர்கள் செல்லமாகவும் பயந்தும் அழைக்கும் பாடங்கள் வருகின்றன. சில தேர்வுகளுக்கு பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கையும் நீராவியின் அளவுகள் அடங்கிய ஸ்டீம் டேபிளையும் உள்ளே கொண்டுபோகலாம். பார்த்து எழுதுவதுதானே என்று மற்ற பிரிவு நண்பர்கள் பொறாமைப்படுவார்கள். எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரியாமல் மூன்று மணி நேரமும் புரட்டிக்கொண்டே இருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அந்த ஸ்டீம் டேபிளில் ஓர் எண் உண்டு: 2,257. சாதாரணக் காற்றழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் ஒரு கிலோ தண்ணீர் முழுக்க ஆவியாக அத்தனை கிலோஜூல் வெப்பம் வேண்டும். பூஜ்ஜியம் டிகிரியிலிருந்து 100 வரை சூடாக்க 419 போதும். ஆக, கொதிக்க வைப்பதைவிட வற்ற வைப்பதற்கே ஐந்து மடங்குக்கு மேல் செலவு. பாலைப் பொடியாக்க நினைப்பவரின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

1943இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்த வர்கீஸ் குரியன், 1949இல் குஜராத்தின் ஆனந்துக்குப் போனார். எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்பது அன்றைய மேலைநாட்டு நிபுணர்களின் கணிப்பு. முடியும் என்று செய்து காட்டியவர் பால்வள நுட்பர் எச்.எம். தலாயா; ஆலையைக் கட்டி ஓட்டும் பொறுப்பு குரியனுடையது. 1955இல் புதிய ஆலை இயங்கத் தொடங்கியது. பாலை முதலில் குறைந்த அழுத்தத்தில் சுண்ட வைத்து, பிறகு சூடான காற்றுக்குள் பனித்துளிபோலத் தெளிக்கிறார்கள். துளி சிறிதாகச் சிறிதாக மொத்தப் பரப்பு கூடி, நீர் நொடிகளில் ஆவியாகிறது. ஆவியாகும் நீரே துளியைக் குளிரவும் வைப்பதால் பால் தீய்வதில்லை. தெர்மோவும் எஃப்.எம்.மும் சேர்ந்து செய்யும் வேலை இது. குரியனின் பட்டச் சான்றிதழில் பால் என்ற சொல் இருந்திருக்காது.

கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வி. நாராயணன் மெக்கானிக்கல் டிப்ளமோவோடு 1984இல் இஸ்ரோவில் நுழைந்து, கிரையோஜெனிக் இன்ஜின்களில் ஆழ்ந்து, 2025 ஜனவரியில் அதன் தலைவரானார். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. அது எரியும் அறையில் சுமார் 3,000 டிகிரி. நடுவே இருப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர். எரியப்போகும் ஹைட்ரஜனையே முதலில் அந்தச் சுவருக்குள் நுண்ணிய வாய்க்கால்களில் ஓடவிட்டுச் சுவரை உருகாமல் காக்கிறார்கள்.

எல்லாருக்கும் நிலவு வாய்ப்பதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் ஆலைகளில் ஜி.இ.டி.யாக, அதாவது பயிற்சிப் பொறியாளராகச் சேருபவருக்குக் கிடைப்பது சேஃப்டி ஷூ, ஷிஃப்ட், ஐ.டி. நண்பரைவிடச் சிறிய சம்பளம். பலர் இந்த இடத்திலேயே கோடிங் பக்கம் போய்விடுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. நிற்பவர்களுக்குத் தரப் பரிசோதனை, டூல் டிசைன், கணினியில் பாகங்களை நொறுக்கிப் பார்க்கும் சி.ஏ.இ. என்று கிளைகள் பிரிகின்றன. கேட் தேர்வெழுதிப் பொதுத்துறைக்கும், இஸ்ரோவின் தனித் தேர்வுக்கும் போகிறவர்கள் இன்னொரு கூட்டம்.

மின்வாகனம் வந்தால் இந்தப் படிப்பு அவ்வளவுதான் என்ற பேச்சையும் அடிக்கடி கேட்கலாம். பிஸ்டனும் கிராங்க் ஷாஃப்டும் போவது உண்மை. ஆனால் லித்தியம் பேட்டரிக்குக் கிட்டத்தட்ட மனிதனுக்குப் பிடித்த தட்பவெப்பம்தான் பிடிக்கும். 40 டிகிரி வெயிலில் வேகமாகச் சார்ஜ் ஏற்றும்போது நூற்றுக்கணக்கான செல்களில் எதுவும் தனியாகச் சூடேறிவிடக் கூடாது. குளிர்நீர்த் தகட்டின் வாய்க்காலை எப்படி வளைப்பது, எவ்வளவு அகலம், பம்புக்கு எவ்வளவு அழுத்தம் என்ற கணக்கு மெக்கானிக்கல்காரரின் மேசைக்குத்தான் வருகிறது. பேட்டரிப் பெட்டி பள்ளம் மேட்டில் குலுங்கி இணைப்புகள் விரிசல் விடாமல் பார்ப்பதும் அவர் வேலையே.