ஒரு லட்சம் ரூபாய் அப்ரண்டிஸ்

தேர்தலில் தோற்ற கட்சியின் அறிக்கையை யாரும் தேடிப்போய்ப் படிப்பதில்லை. ஓட்டு எண்ணி முடித்த மறுநாளே அந்தப் புத்தகம் எடைக்குப் போய்விடும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு வாக்குறுதி அப்படிப் போகாமல் தப்பித்து, ஏழே வாரத்தில் வேறு சட்டை மாட்டிக்கொண்டு மத்திய பட்ஜெட்டில் வந்து நின்றது. அந்தக் கதையைப் புரிந்துகொள்ள ஒரு டீ போதாது. இரண்டாவது டீக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

வாக்குறுதி இதுதான். 25 வயதுக்குள் இருக்கும், டிப்ளமோவோ பட்டமோ முடித்த எல்லோருக்கும் ஏதாவது ஒரு அரசு அல்லது தனியார் நிறுவனத்தில் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி. அந்த ஓராண்டுக்கு 1 லட்சம் ரூபாய். இதை உரிமையாக்கத் தனிச் சட்டம். மார்ச் மாதம் ராஜஸ்தானின் பன்ஸ்வாராவில் ராகுல் காந்தி இதை மேடையில் சொன்னார். ஏப்ரல் 5 அன்று வெளியான காங்கிரஸ் அறிக்கையில் அச்சாகவும் வந்தது. அந்த அறிக்கையைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் ப. சிதம்பரம்.

நம் சேலம், நாமக்கல் பக்கம் ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டோம். நான் காதுகொடுத்த மேடைகளில் இந்த அப்ரண்டிஸ் பேச்சு அடிபடவே இல்லை. ஜூன் 4 அன்று பெட்டி திறந்தபோது சேலத்தில் தி.மு.க.வின் டி.எம். செல்வகணபதி சுமார் 70 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். நாமக்கல்லில் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சியின் மாதேஸ்வரன், உதயசூரியன் சின்னத்தில் நின்று, சுமார் 29 ஆயிரம் ஓட்டில் கரையேறினார். தமிழ்நாட்டின் 39 தொகுதியும் காங்கிரஸ் இருந்த கூட்டணிக்கே. ஆனால் டெல்லிக் கணக்கு வேறு. பா.ஜ.க. 303இலிருந்து 240க்கு இறங்கியது; கூட்டணிக் கட்சிகளோடு 293 சேர்த்து ஆட்சியில் அமர்ந்தது. காங்கிரஸ் 52இலிருந்து 99க்கு ஏறி, எதிர்க்கட்சி வரிசையிலேயே உட்கார்ந்தது.

தேர்தலுக்கு முன் சி.எஸ்.டி.எஸ்.–லோக்நீதி எடுத்த கருத்துக்கணிப்பில், ஓட்டுப் போடும்போது எதை முக்கியமாக நினைப்பீர்கள் என்று கேட்டதற்கு 27 சதவீதம் பேர் வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சொல்லியிருந்தார்கள். தனிப் பெரும்பான்மை போன அரசுக்கு அந்த எண் உறைத்திருக்க வேண்டும். ஜூலை 23 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அறிவித்தார்: ஐந்தாண்டில் 1 கோடி இளைஞர்களுக்கு நாட்டின் முதல் 500 நிறுவனங்களில் ஓராண்டு இன்டர்ன்ஷிப், மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாய். தேர்தல் முடிந்த பிறகாவது நிதியமைச்சர் எங்கள் அறிக்கையைப் படித்திருக்கிறாரே, சந்தோஷம் என்று சிதம்பரம் அன்றைக்கே பக்க எண்ணோடு கிண்டலடித்தார். பா.ஜ.க. முன்னூறைத் தாண்டியிருந்தால் அந்த வரி பட்ஜெட்டில் வந்திருக்குமா? என் கணக்கில் வந்திருக்காது.

"அப்ப ரெண்டும் ஒன்னுதானுங்களா?" இந்தக் கேள்வியைக் கேட்டவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவர். மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான்.

இல்லைங்க. முதலில் பணத்தைப் பாருங்கள். காங்கிரஸ் சொன்னது ஆண்டுக்கு 1 லட்சம். பட்ஜெட்டில் வந்தது 5,000 வீதம் பன்னிரண்டு மாதம், கூட 6,000, ஆக 66,000. இதற்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. அப்ரண்டிஸ் சட்டம் என்று ஒன்று 1961இலேயே வந்துவிட்டது. அதன் 2019 விதிகளில் டிப்ளமோ முடித்தவருக்குக் குறைந்தபட்ச ஸ்டைபண்ட் மாதம் 8,000, பட்டதாரிக்கு 9,000. ஆண்டுக்குப் பெருக்கினால் 96,000, 1,08,000. அதாவது மேடையில் கைதட்டல் வாங்கிய அந்த ஒரு லட்சம் ஏற்கெனவே விதிப்புத்தகத்தில் இருந்த தொகைதான். புதிய அரசுத் திட்டம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது.

காங்கிரஸ் சொன்னதில் புதுசு என்ன என்றால், அந்த உரிமை ஒன்றுதான். 1961 சட்டம் முதலாளியைப் பார்த்துப் பேசுகிற சட்டம். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்கிறது. எடுக்காவிட்டால் குறையும் ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் 500 ரூபாய், மூன்று மாதம் போனால் 1,000 ரூபாய் அபராதம். முன்பு சிறைத்தண்டனையும் இருந்தது. 2014 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். ஸ்டைபண்ட் மாதம் 8,000, அபராதம் ஆயிரம். எது லாபம் என்று எந்த அக்கவுண்டன்டும் சொல்லிவிடுவார். பையன் பக்கமிருந்து பார்த்தால், தனக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்க அந்தச் சட்டத்தில் அவனுக்கு வழியே இல்லை. கேட்டால் கொடுத்தே தீர வேண்டும் என்று ஆக்குவோம் என்றது காங்கிரஸ். பட்ஜெட்டுக்குள் வந்தபோது சட்டம் கழன்று போய்த் திட்டம் மட்டும் மிஞ்சியது. நூறு நாள் வேலை, சட்டமாக வந்ததால்தான் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி கேட்க முடிந்தது. திட்டத்தில் விண்ணப்பம்தான் போடலாம்.

காங்கிரசையும் சும்மா விட முடியாது. அறிக்கையில் இருந்த வாசகம் டிப்ளமோ, பட்டம் என்று. பத்தாவது முடித்து, மேட்டூர் டேம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் அந்த வாசகத்துக்குள் வரமாட்டான். சூடு, புகை, கிரீஸ் எல்லாவற்றிலும் நிற்கப் போகிறவன் அவன்தான். இந்த ஒரு விஷயத்தில் பட்ஜெட் திட்டம் மேல், ஐ.டி.ஐ. பையன்களையும் சேர்த்துக்கொண்டது.

இனி நம் ஊர்த் தொழிலுக்கு வருவோம். நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் வேலை பழகும் முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வெறும் சேஸ் வந்து நிற்கும். புதுப்பையன் முதல் சில மாதம் டீ வாங்குவான், இரும்புத்தூள் கூட்டுவான், மேஸ்திரி வெல்டிங் அடிக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பிறகு கிரைண்டர் கைக்கு வரும். அதற்கப்புறம் ஓரத்தில் புள்ளி வைப்பதுபோல் டேக் அடிக்க விடுவார்கள். முழு வெல்டிங் எப்போது கைக்கு வரும் என்பது மேஸ்திரியின் மனசைப் பொறுத்தது. இதற்கு ஒப்பந்தம் இல்லை, பாடத்திட்டம் இல்லை, முடிவில் சான்றிதழும் இல்லை. எட்டு, பத்துப் பேர் இருக்கும் பட்டறை முதல் 500 நிறுவனத்திலும் வராது, முப்பது பேர் கணக்கிலும் வராது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறையும், பள்ளிபாளையம் தறிக்கூடமும் பெரும்பாலும் இதே நிலைதான். டெல்லியில் இரண்டு தரப்பும் அப்ரண்டிஸ் என்று சொல்லும்போது மனக்கண்ணில் தெரிவது வேறொரு இந்தியா.

நான்கு பேர் இருந்தாலே விருப்பப்பட்டால் சட்டப்படி அப்ரண்டிஸ் எடுக்கலாம், ஸ்டைபண்டில் கால்பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே தருகிறது என்று அந்த லாரிப் பட்டறைக்காரரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "காசு கெடக்குதுங்க. என்ற பட்டறைல தொழிலைப் படிச்சிட்டு எதுத்தாப்புலயே ஷெட்டு போட்டுருவானுங்களே, அதுக்கு கவருமென்டு என்ன தரும்?" நியாயமான கேள்வி. பிரிட்டனில் இதற்குப் பெரிய நிறுவனங்களிடம் பொதுவாக வசூல் செய்வதை ஒரு வழியாக வைத்திருக்கிறார்கள். ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டைத் தாண்டினால் அரை சதவீதம் லெவி, 2017 முதல். 2024 ஜூலையில் நடந்த அவர்கள் தேர்தலிலும் அப்ரண்டிஸ் பேச்சு இருந்தது. லெவியை மாற்றி அமைப்போம் என்ற லேபர் கட்சி ஜெயித்தது. அங்கே செலவை யார் தலையில் கட்டுவது என்று வெளிப்படையாகச் சண்டை போடுகிறார்கள். இங்கே கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பணத்திலிருந்து மாதம் 500, மீதி 4,500 அரசு என்று சத்தமில்லாமல் முடித்துவிட்டார்கள்.

அப்ரண்டிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் இந்தப் பக்கத்தில் சில வீடுகளில் முகம் சுருங்கும். காரணம் பஞ்சாலைகள். சேலம், நாமக்கல், ஈரோடு, திண்டுக்கல் வரை நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று ஓடியது. கல்யாண வயதுப் பெண்களைச் சேர்த்து, ஹாஸ்டலில் தங்கவைத்து, மூன்று வருடம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை என்பார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குப் போனால் அந்தத் தொகை அநேகமாகப் போச்சு. ஏட்டில் அந்தப் பெண்களெல்லாம் அப்ரண்டிஸ். நூற்கும் இயந்திரத்தில் பழக மூன்று வருடம் தேவையா என்று மில்லில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். 2008இல் தமிழக அரசு மில் அப்ரண்டிஸ்களுக்கு ஒரு நாளைக்கு 110 ரூபாய் குறைந்தபட்சக் கூலி என்று ஆணை போட்டது. ஆலை தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர்நீதிமன்றம் ஆணையை நிலைநிறுத்தியது. 1961 சட்டப்படியும் அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி அல்ல. அதனால் தொழிலாளர் சட்டப் பாதுகாப்புகளில் பெரும்பாலானவை அவருக்குக் கிடையாது. எத்தனை மாதம், தினம் எத்தனை மணி நேரம், முடிந்த பிறகு என்ன? இந்த மூன்றையும் எழுதாமல் உரிமை என்றாலும் திட்டம் என்றாலும் மில் கேட் வரைக்கும்தான் அது செல்லும். இரண்டு கட்சிகளின் பேச்சிலும் நான் தேடியது இதைத்தான். மூன்றாவது கேள்விக்கு இரண்டு பக்கமும் மழுப்பல்.

அரசுத் திட்டம் 2024 அக்டோபரில் சோதனை ஓட்டமாகத் தொடங்கியது. முதல் சுற்றில் நிறுவனங்கள் காட்டிய இடங்கள் 1.27 லட்சம். 82 ஆயிரத்துக்கு மேல் அழைப்பு போனது. சரி என்றவர்கள் 28 ஆயிரம். கடைசியில் வேலையில் போய் நின்றவர்கள் சுமார் 8,700. தூரம், ஓராண்டு என்ற நீளம், பிடிக்காத வேலை என்று அரசே நாடாளுமன்றத்தில் காரணம் சொன்னது. ராசிபுரத்துப் பையனுக்கு ஶ்ரீபெரும்புதூரில் இடம் கிடைத்தால் 5,000 ரூபாயில் அறை வாடகை கொடுத்து, மூன்று வேளை சாப்பிட்டு, பஸ்ஸும் ஏற வேண்டும். வீட்டிலிருந்து பணம் வாங்கித்தான் வேலை பழக முடியும். அந்த நிதியாண்டுக்கு ஒதுக்கிய 2,000 கோடி, திருத்திய மதிப்பீட்டில் 380 கோடியாகச் சுருங்கியது.

பட்டறைக்காரரின் மகன் இப்போது செய்யக்கூடியது பழைய சட்டத்தின் வழியில் போவதுதான். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டம், சேலம் உருக்காலை போன்ற இடங்களில் அந்தச் சட்டத்தின் கீழ் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம். ரயில்வேயில் பயிற்சி முடித்தால் கடைநிலைப் பணி நியமனங்களில் 20 சதவீதம் அப்படி முடித்தவர்களுக்கென்று இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா, அதன் எண் என்ன என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அதோடு, பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2014 திருத்தம் சொல்கிறது. சேருகிற அன்றே அதை எழுத்தில் காட்டச் சொல்லலாம். கேட்டதற்காக யாரும் அடிக்கப்போவதில்லை.