கோத்தகிரியில் இரண்டு பேராக நடக்க

நாங்க ரெண்டு பேரும் ஜனவரியில் நாலு நாள் கோத்தகிரிப் பக்கம் நடக்கலாம்னு இருக்கோம். அதற்காகத் தேடிப் படித்ததில் சில குறிப்புகள்.

கூடாரத்தைச் சுமந்துபோய் நினைத்த இடத்தில் காட்டுக்குள் தங்குவதெல்லாம் இங்கே நடக்காது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் விதிகள் இறுகின. 2024-இல் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. ஆக, ஊரில் ஒரு அறை, தினமும் ஒரு நடை. சுமையும் பாதியாகிவிடும்.

ஏன் ஜனவரி? தென்மேற்குப் பருவமழையை தொட்டபெட்டா (2,637 மீட்டர்) பெருமளவு தடுத்துவிடுகிறது. கோத்தகிரிக்கு முக்கியமான மழை அக்டோபர், நவம்பரில்தான். 2009 நவம்பர் நிலச்சரிவுகள் இந்தப் பக்கத்தையும் விடவில்லை. பிப்ரவரி தாண்டினால் தீ பயம், பாதைகளை மூடிவிடுவார்கள்.

ரெண்டு பேர் என்பதில்தான் சிக்கலே. மூணாவது ஆள் இருந்தால் ஒருத்தர் துணைக்கு இருக்க, இன்னொருத்தர் உதவிக்கு ஓடலாம். இங்கே ஒருத்தருக்குக் கால் பிசகினால், மற்றவர் அவரைத் தனியே விட்டுட்டுத்தான் போகணும். அதனால் வெவ்வேறு நிறுவன சிம், அறைக்காரரிடம் போகும் வழி, திரும்பும் நேரம். இருட்டினால் தேயிலைக்குள் கரடியும் காட்டுமாடும் வரும். நாலு மணிக்கே திரும்பணும். யாராவது ஒருத்தர் ‘போதும்’ என்றால் போதும், பேச்சுவார்த்தை கிடையாது. இதை வீட்டிலேயே பேசி முடிச்சாச்சு. சுமையைச் சரிபாதியாப் பிரிப்பதா என்பதில்தான் இன்னும் சண்டை!

இ-பாஸ் எடுக்கணும். தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச்சாவடியிலேயே வாங்கிடுவாங்க.