பழைய படகு மோட்டார்: பம்ப்செட் ஓட்டத் தெரிந்தவர் கவனிக்க வேண்டியவை

கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்து மானாவாரி விவசாயிக்குத் தை மாதம் நெல் அறுப்பும், பங்குனியில் மிளகாய்ப் பழக் களமும் முடிந்துவிட்டால் கையில் வேலை குறைவு. சாயல்குடிக்குத் தெற்கே மூக்கையூர், வாலிநோக்கம் கரையில் உறவோ பழக்கமோ உள்ளவர்கள் அப்போது கடல் தொழிலில் பங்கு சேர்வதுண்டு. அவர்களில் சிலர் மிளகாய் விற்ற பணத்தில் பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்றை வாங்கித் தட்டை அடி வள்ளத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கண்மாய்க் கரையில் மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்தவனுக்கு இது என்ன பெரிய வித்தையா என்ற துணிச்சல்தான் காரணம்.

துணிச்சலில் பாதி சரி. இரண்டும் ஒரே ஜாதி எஞ்சின்தான். மீதிப் பாதியில்தான் பணமும் சில சமயம் உயிரும் போகிறது.

என் சித்தப்பா மகன் அப்படி ஒரு 8 குதிரைசக்தி மோட்டார் வாங்கினான். பன்னிரண்டாம் நாள் கரை கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் தூரத்தில் அது இறுகி நின்றது. தட்டை அடி வள்ளம் காற்றுக்குச் சருகு போல ஒதுங்கும். நங்கூரக் கயிறு நீளமாக இருந்ததால் பிழைத்தார்கள். சாயங்காலம் வேறொரு வள்ளம் இழுத்து வந்தது. மெக்கானிக் தலையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, வாலிநோக்கத்திலதான் உப்பளம் இருக்குன்னு நெனச்சேன். நீங்க எஞ்சினுக்குள்ளயே போட்டிருக்கீங்களே" என்றார். தண்ணீர் ஓடும் வழி முழுவதும் உப்பு இறுகிக் கிடந்தது.

விஷயம் இதுதான். கரையில் ஓடும் சிறிய பம்ப்செட் எஞ்சின்களில் பெரும்பாலானவை காற்றில் குளிர்பவை. படகு மோட்டார் தான் மிதக்கும் தண்ணீரையே உறிஞ்சிக் குளிர்கிறது. கீழ்த்தண்டில் ஒரு சிறு ரப்பர் விசிறி இருக்கிறது, இம்பெல்லர் என்பார்கள். அதுதான் கடல் தண்ணீரை மேலே தள்ளுகிறது. எஞ்சின் ஓடும்போது பின்புறம் சிறு துளை வழியே தண்ணீர் பீய்ச்சி வரும். சில பழைய மாடல்களில் புகையோடு சாரலாக வரும். ஓட்டுகிறவர் கண் அடிக்கடி அங்கே போக வேண்டும். தண்ணீர் நின்றால் எஞ்சினையும் உடனே நிறுத்த வேண்டும். பாதி நேரம் கோளாறு பெரிதாக இராது. உறிஞ்சும் வாயில் கடற்புல்லோ பிளாஸ்டிக் காகிதமோ ஒட்டியிருக்கும். நம் கரையில் கடற்புல் அதிகம். மோட்டாரைச் சாய்த்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும். புல் இல்லாமலே தண்ணீர் வரவில்லையென்றால் இம்பெல்லரை மாற்ற வேண்டும். வாங்கிய பழைய மோட்டாருக்கு முதல் வேலையாகப் புது இம்பெல்லர் போடுவதே நல்லது. கரையில் வைத்துத் "துடிக்கிறதா பார்ப்போம்" என்று தண்ணீரின்றி ஓட்டினால் அந்த ரப்பர் சற்று நேரத்தில் கருகிவிடும்.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவ வேண்டும். குடத்துத் தண்ணீரை விலை கொடுத்து வாங்கும் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் குடிதண்ணீர் தேவையில்லை. சற்றே சவர்ப்பான கிணற்று நீரும் கடல் நீரைவிட எத்தனையோ மேல். காத்தாடிக்கு மேலே இருக்கும் தட்டை இலை மூழ்கும் அளவு பீப்பாயில் ஊற்றி, மோட்டாரை ஒரு கட்டையில் மாட்டி, மெதுவான வேகத்தில் 5 முதல் 10 நிமிடம் ஓட்டினால் போதும். பிறகு பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானே நிற்கும்படி விட வேண்டும். நிறுத்திய மோட்டாரை நிமிர்த்தியே வைக்கவும். காத்தாடி மேலாகவும் எஞ்சின் தலை கீழாகவும் கிடத்தினால், புகைக்குழாயில் தங்கிய நீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

இனி எண்ணெய். இந்தப் பழைய மோட்டார்கள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வகை. தனியாக எஞ்சின் ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் பிஸ்டனுக்கு வழுக்கல். 25-க்கு 1 என்று மோட்டாரில் எழுதியிருந்தால் 1 லிட்டருக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. எழுத்து அழிந்திருந்தால் அந்த மாடலை அறிந்தவரிடம் கேட்டே கலக்கவும். ஸ்கூட்டர் எண்ணெய் இதற்கு ஏற்றதல்ல. தண்ணீரில் குளிரும் படகு மோட்டாருக்கென்றே எண்ணெய் விற்கிறது. மண்ணெண்ணெய் மாடல் என்றால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் சிறிது நேரம் பெட்ரோலில் ஓட்ட வேண்டும். பம்ப்செட்காரருக்கு இது பழக்கமான பாடம். பெட்ரோலுக்கு மட்டும் ஆன மோட்டாரில் சிக்கனம் கருதி மண்ணெண்ணெய் ஊற்றுவது பிஸ்டனுக்கு வைக்கும் வேட்டு.

இன்றைய பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டில் விற்பனைக்கு வந்து, இப்போது எங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்காற்றில் பாதி காலியான கேனில் வாரக்கணக்கில் கிடந்தால் ஈரம் சேர்ந்து, எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கும். அந்த அடித்தண்ணீரில் நாம் கலந்த எண்ணெய் இராது. எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். எண்ணெயின்றிப் பிஸ்டன் தேயும். ஆகவே ஓரிரு வாரத்துக்கு ஆவதை மட்டும் வாங்கவும். கேனை நிறைய வைத்து மூடவும். தொழில் நிற்கும் காலத்தில் டாங்கியைக் காலி செய்துவிடவும். பழைய ரப்பர் குழாய்களும் இந்த எரிபொருளில் ஊறி வீங்கும். பிசுபிசுப்புக் கண்டால் மாற்றிவிடவும்.

தட்டை அடி வள்ளத்தில் மோட்டார் நிற்கும் உயரம் முக்கியம். காத்தாடிக்கு மேலுள்ள தட்டை இலை படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் தாழ்ந்தோ இருக்க வேண்டும். உயர்ந்துவிட்டால் காத்தாடி காற்றை இழுக்கும்; எஞ்சின் அலறும், படகு நகராது, குளிர்நீரும் ஏறாது. மிகத் தாழ்ந்தால் வேகம் குறைந்து பெட்ரோல் வீணாகும். குட்டைத்தண்டு மோட்டார் 15 அங்குலப் பின்பலகைக்கும், நெட்டைத்தண்டு 20 அங்குலத்துக்கும் ஆனது. பலகை ஒத்துவராவிட்டால் தச்சரிடம் சொல்லி வெட்டவோ கட்டை வைத்து உயர்த்தவோ செய்யலாம். வலையையும் ஐஸ் பெட்டியையும் பின்னால் குவித்தால் அணியம் தூக்கி, அலையில் அடி அறைந்துகொண்டு போகும். பாரத்தை நடுவுக்குத் தள்ளி வைக்கவும். இறுக்கும் திருகை மட்டும் நம்பாமல் மோட்டாரைக் கயிற்றால் படகோடு கட்டி வைப்பது அவசியம். அலையில் திருகு தளர்ந்து கடலுக்குள் போன மோட்டார் பல.

காத்தாடியைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்பட்டது. காத்தாடி கல்லில் இடித்தால் அது முறிந்து பல்சக்கரத்தைக் காக்கும். வடகடலில் ஆழம் குறைவு. தென்கடலில் பார் அதிகம். ஆகவே பின் முறிவது சகஜம். முறிந்த பின்னுக்குப் பதில் இரும்பு ஆணி செருகுகிறவர்கள் அடுத்த இடியில் பல்சக்கரத்தையே இழக்கிறார்கள். அசல் பின் நான்கு எப்போதும் பையில் இருக்கட்டும். கீழ்ப்பெட்டி எண்ணெயைத் திறந்து பார்க்கும்போது மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுகிறது என்று அர்த்தம். சீல் மாற்றும்வரை ஓட்டக் கூடாது.

வாங்கப் போகிறவர் மேல் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம். கயிற்றை மெல்ல இழுத்தால் கை தடைபட வேண்டும். லேசாக வந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது. பீப்பாயில் அரைமணி ஓட்டச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், அந்த மாடலுக்கு உதிரிப் பாகம் கிடைக்கிறதா என்று ராமநாதபுரத்திலோ தூத்துக்குடியிலோ முதலில் விசாரிப்பது. பாகம் கிடைக்காத மோட்டாரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

கடலுக்குப் புறப்படுமுன் டாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறந்துவிடவும். இதை மறந்து, கால் மணி நேரத்தில் எஞ்சின் நின்று, பிளக்கைக் கழற்றி, கார்புரேட்டரைப் பிரித்து, கடைசியில் திருகைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு; நானும் ஒருவன். கியர் இல்லாத பழைய மாடலில் கயிறு இழுத்ததுமே படகு பாயும். அணியம் திறந்த கடலை நோக்கி இருக்கிறதா, பின்னால் ஆளோ வலையோ இல்லையா என்று பார்த்தபின் இழுக்கவும். உதிரி பிளக், கயிறு, குறடு, லைஃப் ஜாக்கெட், குடிதண்ணீர், நீளமான நங்கூரக் கயிறு ஆகியவற்றோடு துடுப்பு இரண்டும் படகில் கிடக்க வேண்டும். மோட்டார் வந்த பிறகு துடுப்பைக் கரையில் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன். என் சித்தப்பா மகன் அன்றைக்குத் துடுப்பு கொண்டுபோகவில்லை.